சிங்கப்பூரில் உள்ளக வேளாண்மை

சிங்கப்பூரில் உள்ளக வேளாண்மை என்பது மூடிய கட்டடங்களுக்குள் செயற்கை ஒளி, குளிரூட்டல், மண்ணில்லா வளர்ப்பு ஆகியவற்றைக் கொண்டு அந்நாட்டில் நடைபெறும் பயிர்ச்செய்கையைக் குறிக்கும். நிலநடுக்கோட்டிற்கு ஏறத்தாழ ஒரு பாகை வடக்கே அமைந்த சிங்கப்பூர், தனக்குத் தேவையான உணவில் 90 விழுக்காட்டிற்கும் மேல் இறக்குமதி செய்கின்றது. நிலத்தில் ஏறத்தாழ ஒரு விழுக்காடே வேளாண்மைக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. இதனால் பயிரை அடுக்கடுக்காக மேல்நோக்கி வளர்க்கும் எண்ணம் இங்கு இயல்பாகவே வேரூன்றியது.

வரலாறு

தேசியக் கல்விக் கழகத்தைச் சேர்ந்த லீ சிங் கோங், 1990களில் வேர்களைக் காற்றில் தொங்கவிட்டுக் குளிர்ந்த ஊட்டக்கரைசலைத் தெளிக்கும் முறையை ஆராய்ந்தார். இலைகள் வெப்பமான காற்றில் இருந்தாலும் வேர்ப்பகுதி குளிர்ச்சியாக இருந்தால், இலைக்கோசு (லெட்யூஸ்) போன்ற குளிர்நாட்டுப் பயிர்களையும் வளர்க்க இயலும் என்பது இம்முறையின் அடிப்படையாகும். 2012 ஆம் ஆண்டில் லிம் சூ காங் பகுதியில் ஸ்கை கிரீன்ஸ் பண்ணை வணிக முறையில் இயங்கத் தொடங்கியது. அங்கு சுமார் 9 மீட்டர் உயரமுள்ள கோபுரங்களில் தட்டுகள் மெல்லச் சுழன்று கதிரொளியைப் பெற்றன. விளக்கொளியை நம்பாததால் இதனை முழுமையான உள்ளக வேளாண்மை எனக் கூற இயலாது. ஆயினும் அடுக்கு வேளாண்மையின்மீது பொதுமக்களின் கவனத்தைத் திருப்பியது இப்பண்ணையே.

2019 ஆம் ஆண்டில் அரசு, 2030க்குள் நாட்டின் ஊட்டச்சத்துத் தேவையில் 30 விழுக்காட்டை உள்நாட்டிலேயே விளைவிக்கும் இலக்கை அறிவித்தது. அதே ஆண்டு ஏப்ரலில் சிங்கப்பூர் உணவு அமைப்பு உருவாக்கப்பட்டது.

வெப்பமும் விளக்கும்

வெளியில் நிலவும் வெப்பமே இப்பண்ணைகளின் முதன்மைச் சிக்கல் எனப் பலர் கருதுகின்றனர். இது ஓரளவே உண்மையாகும். நன்கு காப்பிடப்பட்ட கட்டடத்திற்குள் வெளிவெப்பம் நுழைவது குறைவு. அகற்றவேண்டிய வெப்பத்தின் பெரும்பகுதி விளக்குகளிலிருந்தே வருகின்றது. ஒளியுமிழ் இருமுனைய (எல்.இ.டி.) விளக்கு, தான் பெறும் மின்னாற்றலில் ஏறத்தாழ பாதியை ஒளியாக்கி எஞ்சியதை வெப்பமாக வெளியிடுகின்றது. இலை ஏற்கும் ஒளியிலும் சில விழுக்காடே ஒளிச்சேர்க்கையால் பயிரில் சேமிக்கப்படும். மற்றவை வெப்பமாகவோ இலை வெளியிடும் நீராவியாகவோ அறையில் சேர்கின்றன. எனவே விளக்கிற்கு ஒருமுறையும், அது உண்டாக்கிய வெப்பத்தை வெளியேற்ற மறுமுறையும் மின்கட்டணம் செலுத்த வேண்டியுள்ளது.

வறண்ட வெப்பநாடுகளின் பசுமைக்குடில்களில் நீரை ஆவியாக்கிக் காற்றைக் குளிர்விக்கலாம். சிங்கப்பூரின் ஈரப்பதம் மிக்க காற்றில் அம்முறை அதிகம் பயன்படாது. நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதி இறக்குமதி செய்யப்படும் இயற்கை எரிவளியிலிருந்து பெறப்படுவதால், எரிபொருள் விலை உயரும்போது கீரையின் அடக்கவிலையும் உயர்கின்றது. உணவு இறக்குமதியைக் குறைக்க எழுந்த முறை எரிபொருள் இறக்குமதியை நம்பி நிற்கின்றது என்னும் திறனாய்வு இதனால் எழுந்ததே.

அதே வேளையில், நீர் மீண்டும் மீண்டும் சுழற்சி செய்யப்படுவதால் திறந்தவெளிச் சாகுபடியைவிட மிகக் குறைந்த நீரே போதுமானது. பூச்சிகள் நுழைய வழியில்லாத அறைகளில் பூச்சிக்கொல்லியும் தேவைப்படுவதில்லை.

மக்கள் பார்வை

2020 ஆம் ஆண்டு மார்ச்சில் மலேசியா நடமாட்டக் கட்டுப்பாட்டை அறிவித்தபோது சிங்கப்பூர்க் கடைகளில் மக்கள் திரண்டனர். 2022 சூனில் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோதும் இறக்குமதியைச் சார்ந்திருப்பது பற்றிய கவலை எழுந்தது. இத்தகைய வேளைகளில் உள்நாட்டு விளைச்சலுக்கு ஆதரவு பெருகுகின்றது. எனினும் கடையில் பொருளை எடுக்கும்போது விலையே முந்தி நிற்கின்றது. மலேசியாவின் கேமரன் மலையில் கதிரொளியில் விளைந்து சாலைவழி வரும் காய்கறி மலிவானது. அதன் ஒளிக்குக் கட்டணமில்லை.

உணவுப் பழக்கமும் இங்குக் கருதத்தக்கது. உள்ளகப் பண்ணைகளுக்கு இலாபம் தரக்கூடியவை பச்சையாக உண்ணப்படும் இலைக்கோசு, கேல், பேசில் முதலியன. சிங்கப்பூர் வீடுகளில் நாள்தோறும் சமைக்கப்படுபவை கங்கோங், சாய் சிம், தண்டுக்கீரை போன்றவை. இவை வெப்பத்தைத் தாங்கித் திறந்தவெளியிலேயே சில வாரங்களில் வளர்ந்துவிடும். இவற்றுக்குக் குளிரூட்டிய அறை வேண்டியதில்லை. தூய்மையை விரும்புவோர் உள்ளகக் கீரையை நாடுகின்றனர். மண்ணும் வெயிலும் படாத கீரை இயற்கையானதன்று எனத் தயங்குவோரும் உளர். ஊட்டக்கரைசலிலிருந்து பயிர் பெறும் கனிமங்கள் மண்ணிலிருந்து பெறும் அதே கனிமங்களே என்பதால் இத்தயக்கத்திற்கு வேதியியல் அடிப்படை குறைவு. விலை பற்றிய தயக்கத்தை அவ்வாறு ஒதுக்கிவிட முடியாது.

இலக்கு மாற்றம்

2024 ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் உட்கொள்ளப்பட்ட காய்கறிகளில் உள்நாட்டு விளைச்சலின் பங்கு ஏறத்தாழ 3 விழுக்காடு மட்டுமே. முட்டையில் அது மூன்றில் ஒரு பங்காக இருந்தது. 2025 நவம்பரில் அரசு 2030 இலக்கைக் கைவிட்டு, 2035க்குள் நார்ச்சத்து உணவு நுகர்வில் 20 விழுக்காட்டையும் புரத உணவு நுகர்வில் 30 விழுக்காட்டையும் உள்நாட்டில் உற்பத்தி செய்யும் புதிய இலக்குகளை அறிவித்தது. நார்ச்சத்துப் பிரிவில் கீரைகளுடன் முளைப்பயறும் காளானும் அடங்கும். இவ்விரண்டிற்கும் கீரைக்கு வேண்டிய அளவு விளக்கொளி தேவையில்லை என்பது குறிப்பிடத்தக்கது.