காஞ்சியின் மூன்றரை அடித் தண்டவாளம்

ஓரிக்கைக்குப் பெயர் வந்த கதையைக் காஞ்சியில் பலரும் அறிவர். திருமழிசையாழ்வாரின் பின்னே புறப்பட்ட பெருமாள் ஓரிரவு தங்கியதால் 'ஓரிரவிருக்கை'. அதுவே மருவி ஓரிக்கை ஆயிற்றென்பர். ஓரிரவை ஊர்ப்பெயரிலேயே பொதிந்து வைத்த காஞ்சி, 13 ஆண்டுகள் தன்னிடம் தங்கிச் சென்ற ஒரு விந்தையான இருப்புப்பாதையை மறந்துவிட்டது.

1856-இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய மதராஸ் ரயில்வே, காஞ்சியைத் தொடாமல் அரக்கோணம் வழியே சென்றது. விடுபட்ட ஊரை இணைக்க முன்வந்தது, 'இந்தியன் டிராம்வே கம்பெனி'. பெயர்தான் டிராம்வே, 1865-இல் அது திறந்தது ஏறத்தாழ 30 கி.மீ. நீள ரயில்பாதை. தண்டவாளங்களுக்கிடையே 3½ அடி. மதராஸ் ரயில்வேயிலோ 5½ அடி. பாதை குறுகினால் மண்வேலை குறையும், எஞ்சினும் தண்டவாளமும் எடை குறைந்தவையாகப் போதும். ஆனால் சென்னைக்குச் செல்லும் சரக்கு ஒவ்வொன்றையும் அரக்கோணத்தில் இறக்கி, வேறு வண்டியில் ஏற்றியாக வேண்டும். மிச்சம் பிடித்த பணத்தின் ஒரு பகுதி கூலியாகவே கரைந்திருக்கும்.

அக்காலத்தில் அளவு குறித்து எவரிடமும் ஒருமித்த கருத்தில்லை. பரோடா அரசின் தபோய்ப் பாதை (1862) 2½ அடி. அதில் முதலில் வண்டியிழுத்தவை மாடுகள். வங்காளத்து நல்ஹாட்டிப் பாதை (1863) 4 அடி. 3½ அடியை நார்வேயில் கார்ல் பீல் 1862-இல் நடைமுறைப்படுத்தினார். குயின்ஸ்லாந்து 1865-இலும் ஜப்பான் 1872-இலும் அதையே ஏற்றன. ஆக, ஜப்பானுக்கு ஏழாண்டு முன்பே நம் காஞ்சி அவ்வரிசையில் நின்றது!

1870-இல் மேயோ பிரபுவின் அரசு குறுகிய பாதைகளுக்கு ஒரு மீட்டர் என்று விதித்தது. மெட்ரிக் அளவுமுறை இந்தியாவுக்கு விரைவில் வந்துவிடும் என்ற நம்பிக்கையே காரணம். வந்ததோ சுதந்திரத்திற்குப் பின்னர். அதுவரை துணியைக் கஜத்தில்தான் அளந்தோம். கர்நாடிக் ரயில்வே எனப் பெயர் மாறிய கம்பெனி, 1874-இல் உருவான தென்னிந்திய ரயில்வேயில் கலந்தது. 1878-இல் காஞ்சிப் பாதை மீட்டர் பாதையாயிற்று.

வேறுபாடு 67 மில்லிமீட்டர், நான்கு விரற்கடைகூட இல்லை. ஆயினும் பழைய வண்டி எதுவும் அச்சை மாற்றாமல் புதிய தண்டவாளத்தில் ஓட முடியாது. வராத அளவுமுறைக்காக ஓடிக்கொண்டிருந்த பாதையைப் பெயர்த்தது வீண்செலவு என்றே முதலில் தோன்றும். ஆனால் செங்கல்பட்டு வரை தடம் நீண்டு, தென்மாவட்டங்களின் மீட்டர் பாதையோடு காஞ்சி இணைந்தது அதனால்தான்.

இன்று அத்தடமும் 5½ அடி அகலப்பாதையாகிவிட்டது. 3½ அடியில் ரயில்கள் ஜப்பானிலும் குயின்ஸ்லாந்திலும் இன்னும் ஓடுகின்றன.