கூடை ஒன்றுதான், கஜானா வேறு!

நம் ஹாஸ்டலுக்குப் பின்னால் இருந்த சிமெண்ட் கோர்ட்டை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு பக்கம் வளையத்தில் வலை இருக்கும். மறுபக்கம் வெறும் வளையம்தான். அதிலேயே இருட்டும் வரை ஆடினோம். பெரிய கல்லூரிக்காரர்கள் புது ஷூவோடு தனி பஸ்ஸில் வந்து இறங்கும்போது வயிற்றைக் கொஞ்சம் கலக்கும். ஆனாலும், "அஞ்சு பேர்தானே மச்சி, பார்த்துக்கலாம்" என்போம். சில தடவை பார்த்தும் இருக்கிறோம்!

மலருக்குக் கட்டுரை கேட்டபோது, அந்த "அஞ்சு பேர்தானே" என்ற நம்பிக்கைக்கு என்ன ஆயிற்று என்பதையே எழுதலாமே என்று தோன்றியது. கதை நடக்கும் இடம் அமெரிக்கா. கல்லூரிக் கூடைப்பந்தை ஒரு தேசியத் திருவிழாவாகவே ஆக்கி வைத்திருக்கும் நாடு அதுதான்.

1891 டிசம்பரில், மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் இரண்டு பீச் பழக்கூடைகளை மாட்டி, 13 விதிகளை எழுதி இந்த ஆட்டத்தைத் தொடங்கினார். குளிர்காலத்தில் பையன்களை உள்ளேயே ஓட விட ஒரு வழி வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக் என்பவர்தான் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கியவர். ஆகவே இது நமக்கு அவ்வளவு தூரத்து உறவு இல்லை.

என்.சி.ஏ.ஏ. என்ற கல்லூரி விளையாட்டு அமைப்பு 1939இல் தேசியப் போட்டியை ஆரம்பித்தபோது மொத்தம் 8 அணிகள். அந்தக் காலத்தில் சின்னக் கல்லூரிகள் தாராளமாக ஜெயித்தன. 1950இல் நியூயார்க் சிட்டி காலேஜ் ஒரே வருடத்தில் இரண்டு பெரிய தேசியப் போட்டிகளையும் வென்றது. வேறு எந்தக் கல்லூரியும் செய்யாத சாதனை அது. ஃபீஸ் வாங்காத கல்லூரி. நகரத்து ஏழைப் பிள்ளைகள் படித்த இடம். 1955, 1956 இரண்டு வருடமும் சான் ஃபிரான்சிஸ்கோ பல்கலைக்கழகம், பில் ரஸ்ஸல் புண்ணியத்தில். 1963இல் சிகாகோ லயோலா.

எப்படி முடிந்தது? அமெரிக்கக் கால்பந்துக்கு ஒரு பட்டாளமே வேண்டும். கூடைப்பந்துக்கு ஐந்து பேர் போதும். அதில் ஒருவன் ரஸ்ஸல் மாதிரி அமைந்துவிட்டால் கல்லூரியின் சொத்து மதிப்பை யாரும் கேட்பதில்லை.

இதற்கு மிக நல்ல உதாரணம் இந்தியானா ஸ்டேட். டெரெ ஹோட் என்ற சின்ன ஊரில் இருக்கிறது. லாரி பேர்டு என்ற கிராமத்துப் பையன் முதலில் சேர்ந்தது பெரிய இந்தியானா பல்கலைக்கழகத்தில். அந்தக் கூட்டம் ஒத்துவராமல் சில வாரங்களிலேயே ஊர் திரும்பிவிட்டார். பிறகு சேர்ந்த இடம்தான் இந்தியானா ஸ்டேட். 1979இல் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல், 33 வெற்றிகளோடு அந்த அணி ஃபைனலுக்கு வந்தது. அங்கே மேஜிக் ஜான்சனின் மிச்சிகன் ஸ்டேட்டிடம் 75-64 என்று தோற்றது. ஆனால் அந்த ஆட்டத்தை அமெரிக்காவே டி.வி. முன்னால் உட்கார்ந்து பார்த்தது.

வினை அங்கேதான் ஆரம்பித்தது என்று சொல்லலாம். அதே 1979இல் ஈ.எஸ்.பி.என். தொடங்கியது. 1985இல் போட்டி 64 அணிகளாக விரிந்தது. 1989இல் சி.பி.எஸ். டி.வி. ஏழு வருட உரிமைக்கு 100 கோடி டாலர் பேசியது. 2010இல் பதினாலு வருடத்துக்கு 1,080 கோடி டாலர்!

இந்தப் பணம் பிரியும் விதத்தைப் பாருங்கள். கல்லூரிகள் 'கான்ஃபரன்ஸ்' என்ற குழுக்களாகச் சேர்ந்திருக்கின்றன. தேசியப் போட்டியில் ஒரு அணி ஆடும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு பங்கு; அது அந்த அணியின் கான்ஃபரன்ஸுக்கு ஆறு வருடம் தவணையாகப் போகும். பெரிய கான்ஃபரன்ஸிலிருந்து ஏழெட்டு அணிகள் வரும், பல சுற்றுகள் ஆடும். சின்னதிலிருந்து ஒன்றே ஒன்று வரும், பெரும்பாலும் முதல் சுற்றோடு மூட்டை கட்டும். இருக்கிறவனுக்கே மேலும் சேரும் ஏற்பாடு. இது போதாதென்று பெரிய கான்ஃபரன்ஸ்களுக்குத் தனி டி.வி. ஒப்பந்தம் வேறு. 2022இல் பிக் டென் கான்ஃபரன்ஸ் போட்ட ஏழு வருட ஒப்பந்தம் 700 கோடி டாலருக்கு மேல். அதில் பெரும்பகுதி கால்பந்து தரும் பணம். கூடைப்பந்தும் அந்த நிழலில் செழிக்கிறது.

சின்னக் கல்லூரிகள் என்ன செய்தன? தோற்பதற்குக் கூலி வாங்கின! கேட்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் நிஜம். பெரிய கல்லூரி பணம் கொடுத்துச் சின்ன அணியைத் தன் ஊருக்கு வரவழைத்து ஒரு சுலப வெற்றியை எடுத்துக்கொள்ளும். 2019 நவம்பரில் கென்டக்கி இப்படி 90 ஆயிரம் டாலர் கொடுத்து எவான்ஸ்வில்லை அழைத்தது. அப்போது நாட்டிலேயே முதலிடத்தில் இருந்த கென்டக்கி 67-64 என்று தோற்றுப்போனது. காசும் போச்சு, மானமும் போச்சு!

இவ்வளவுக்கும் நடுவில் சின்ன அணிகளிடம் ஒரு ஆயுதம் மிச்சமிருந்தது. அது காலம். பெரிய அணியின் நட்சத்திரம் ஒரே வருடத்தில் என்.பி.ஏ.வுக்குப் போய்விடுவான். சின்னக் கல்லூரிப் பையன்கள் மூன்று நான்கு வருடம் சேர்ந்தே ஆடுவார்கள். கண்ணைப் பார்த்தே பாஸ் கொடுப்பார்கள். 2010இல் பட்லர் ஃபைனல் வரை போய் டியூக்கிடம் 61-59 என்று தோற்றது. கடைசி நொடியில் பாதி மைதானத்திலிருந்து எறிந்த பந்து வளையத்தில் பட்டு வெளியே வந்தது. அடுத்த வருடமும் பட்லர் ஃபைனலுக்கு வந்தது.

அந்த ஆயுதமும் 2021இல் கையை விட்டுப் போனது. முன்பு கல்லூரி மாறினால் ஒரு வருடம் சும்மா உட்கார வேண்டும். முதல் மாற்றத்துக்கு அந்தத் தடையை 2021இல் எடுத்தார்கள். 2024இல் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்றார்கள். அதே 2021 ஜூலையில், ஆட்டக்காரர் தன் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரப் பணம் வாங்கலாம் என்றும் ஆயிற்று.

இதில் பையன்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. கோச்சுக்குக் கோடிக்கணக்கில் சம்பளம், டி.வி.க்கு லாபம், ஓடி வியர்த்தவனுக்கு ஸ்காலர்ஷிப் மட்டும் என்றால் அது என்ன நியாயம்? 2021இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே 9-0 என்று என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. நியாயம் கிடைத்தது சரி. அதற்கான விலையைக் கட்டியது யார் என்பதுதான் கேள்வி.

2022இல் ஜெர்சி சிட்டியின் செயின்ட் பீட்டர்ஸ் என்ற சின்னக் கல்லூரி கென்டக்கியைத் தோற்கடித்துக் கடைசி எட்டுக்குள் வந்தது. 15ஆம் தர வரிசையில் இருந்து யாரும் அவ்வளவு தூரம் போனதில்லை. சில நாட்களில் கோச் சீட்டன் ஹாலுக்குப் போய்விட்டார். முக்கிய ஆட்டக்காரர்கள் பலரும் ஆளுக்கு ஒரு திசை.

நம் இந்தியானா ஸ்டேட்டுக்கு வருவோம். 2024இல் லாரி பேர்டு காலத்துக்குப் பிறகு அவர்களுக்கு ஒரு அருமையான அணி அமைந்தது. 32 வெற்றிகள். இருந்தும் தேசியப் போட்டியில் இடம் தரவில்லை. இரண்டாம் நிலைப் போட்டியான என்.ஐ.டி.யில் ஃபைனல் வரை போய்த் தோற்றார்கள். ஜெயித்தது யார் தெரியுமா? அந்தப் பழைய செயின்ட் பீட்டர்ஸ் கோச்சின் சீட்டன் ஹால்! பிறகு இந்தியானா ஸ்டேட்டின் கோச் கிளம்பினார். முதல் ஐந்து ஆட்டக்காரர்களும் வேறு கல்லூரிகளுக்குப் போய்ட்டாங்க. ஐந்து பேரும்!

1975இல் பெரிய இடம் வேண்டாம் என்று ஒரு பையன் வந்து சேர்ந்த அதே ஊர்.

2025இல் கடைசி 16 அணிகளும் நான்கே நான்கு பெரிய கான்ஃபரன்ஸ்களிலிருந்து வந்தன. அந்த வருடப் போட்டியில் ஆடிய பென்சில்வேனியாவின் செயின்ட் பிரான்சிஸ், தோற்ற சில நாட்களிலேயே, முதல் பிரிவை விட்டு ஸ்காலர்ஷிப் இல்லாத மூன்றாம் பிரிவுக்கு இறங்கப் போவதாக அறிவித்தது. 1950இன் சாம்பியனான சிட்டி காலேஜ் இருப்பதும் அதே மூன்றாம் பிரிவில்தான். 2025 ஜூலை முதல் கல்லூரியே நேரடியாக ஆட்டக்காரர்களுக்குப் பங்கு தரலாம் என்று ஆயிற்று; முதல் வருடத்துக்கான உச்சவரம்பு 2 கோடியே 5 லட்சம் டாலர். அதற்குச் சின்னக் கல்லூரி எங்கே போகும்?

கடைசியாக ஒன்று. இந்த விளம்பரப் பணத்தில் பெரும்பகுதியை நிதி திரட்டித் தந்தவர்கள் யார்? பழைய மாணவர்கள்! நம்மைப் போன்ற சங்கத்துக்காரர்கள்தான். தன் கல்லூரி ஜெயிக்க வேண்டும் என்ற ஆசையில், இன்னொரு கல்லூரியின் பையனுக்கு விலை வைக்கிறார்கள். ஆசை தப்பில்லை. ஆனால் ஒரு வருடம் மட்டும் ஆடிவிட்டுப் போகிறவனை "நம்ம காலேஜ் பையன்" என்று நெஞ்சைத் தட்டிச் சொல்ல முடியுமா என்று அவர்களில் யாராவது யோசித்திருப்பார்கள்.

நம் கையில் அவ்வளவு பணமும் இல்லை, அந்தச் சிக்கலும் இல்லை. இந்த ரீயூனியனுக்கு வரும்போது நான் ஒரு வலை வாங்கி வருகிறேன். மறுபக்க வளையத்தில் மாட்ட ஏணி பிடிக்க இரண்டு பேர் வந்தால் போதும். பிறகு, அஞ்சு பேர்தானே, பார்த்துக்கலாம்!