குதிரைக்குச் சளி, முட்டையில் சோதனை

நாமக்கல் பக்கத்து ஆளிடம் முட்டை என்று சொன்னால், இன்றைக்குப் பண்ணை விலை என்ன என்றுதான் முதலில் கேட்பார். காமர்ஸ் படிக்கிற நானும் அப்படித்தான். ஆனால் இந்தப் பதிவு விலையைப் பற்றி இல்லை. குதிரைக்குச் சளிக்காய்ச்சல் வந்தால் அது எந்தக் கிருமி என்று கண்டுபிடிக்கிற வேலையைப் பல வருஷங்களாகக் கோழிமுட்டைதான் செய்து வந்திருக்கிறது. குதிரைக்கும் கோழிக்கும் என்னய்யா சம்பந்தம் என்கிறீர்களா? அதைத்தான் சொல்ல வருகிறேன்.

சோதனையே இல்லாத காலத்திலிருந்து ஆரம்பிப்போம். 1872 செப்டம்பர் கடைசியில் கனடாவின் டொராண்டோ பக்கம் குதிரைகள் இரும ஆரம்பித்தன. சில மாதங்களில் அமெரிக்கா முழுக்கப் பரவிவிட்டது. செத்த குதிரைகள் குறைவு, படுத்தவைதான் ஏராளம். டிராம், சரக்கு வண்டி, தீயணைப்பு வண்டி எல்லாமே அப்போது குதிரையை நம்பித்தான் ஓடின. நவம்பர் 9 அன்று பாஸ்டன் நகரம் பற்றி எரிந்தபோது, தீயணைப்பு வண்டிகளை மனிதர்களே இழுத்துக்கொண்டு ஓடினார்கள். வைரஸ் என்று ஒன்று இருப்பதே அன்றைக்கு யாருக்கும் தெரியாது.

வைரஸைப் பிடிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. பாக்டீரியா மாதிரி சத்துக்கூழ் ஊற்றிய தட்டில் அது வளராது. உயிருள்ள செல் வேண்டும். 1931இல் அமெரிக்காவில் குட்பாஸ்ச்சரும் ஆலிஸ் உட்ரஃபும் கருவுள்ள கோழிமுட்டைக்குள் கோழி அம்மை வைரஸை வளர்த்துக் காட்டினார்கள். ஆஸ்திரேலியாவில் பர்னெட் அதே வழியில் ஃப்ளூ வைரஸை வளர்த்தார். யோசித்துப் பார்த்தால் முட்டை ஒரு குட்டி ஆய்வகம்தான். சுத்தமான ஓடு, உள்ளே உயிர், விலையும் மலிவு!

அடுத்தது 1941. ஜார்ஜ் ஹர்ஸ்ட் என்பவர் ஃப்ளூ ஏற்றிய முட்டையிலிருந்து திரவத்தை எடுக்கும்போது, அதில் கலந்த கோழிக்குஞ்சு ரத்தத்தின் சிவப்பணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதைப் பார்த்தார். இதுவே சோதனை ஆகிவிட்டது. வைரஸ் இல்லாவிட்டால் சிவப்பணுக்கள் குழியின் அடியில் பொட்டு வைத்த மாதிரி இறங்கும். இருந்தால் வலை மாதிரி விரிந்து நிற்கும். விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம், கண்ணாலேயே பார்த்துச் சொல்லலாம். எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

இப்படித்தான் குதிரை ஃப்ளூ வைரஸ்களுக்கு அடையாளம் கிடைத்தது. 1956இல் பிராக் நகரில் எச்7என்7, 1963இல் மயாமியில் எச்3என்8. முதலாவது பல பத்தாண்டுகளாக எங்கும் தட்டுப்படவில்லை. இரண்டாவதுதான் இன்றும் உலகைச் சுற்றுகிறது.

ஒரு சின்னக் குறுக்குக் குறிப்பு. நம் நாமக்கல் பண்ணை முட்டை இந்த வேலைக்கு ஆகாது :-) நம் பண்ணைகளில் சேவல் கிடையாது, அதனால் முட்டையில் கருவும் கிடையாது. ஆய்வகத்துக்கு 9 முதல் 11 நாள் அடைகாத்த, குறிப்பிட்ட நோய்கள் இல்லாத கோழிகளின் முட்டை வேண்டும்.

இந்தியாவுக்கு வருவோம். ஹரியானாவின் ஹிசாரில் தேசிய குதிரை ஆராய்ச்சி மையம் 1985இல் உருவானது. (நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியதும் அதே வருஷம்தான்.) ஓரிரு வருஷத்திலேயே அதற்குப் பரீட்சை வந்துவிட்டது. 1987இல் வட இந்தியாவில் குதிரை ஃப்ளூ பரவியது. லூதியானாவில் பிடித்த எச்3என்8 வைரஸ்தான் பிறகு இந்தியத் தடுப்பூசிக்கு விதையானது. அப்புறம் இருபது வருஷம் சத்தமே இல்லை.

2008 ஜூனில் ஜம்முவின் கத்ராவில் மறுபடி ஆரம்பித்தது. வைஷ்ணோ தேவி கோயிலுக்குப் பக்தர்களை ஏற்றிச் செல்லும் மட்டக்குதிரைகளும் கோவேறு கழுதைகளும் நிற்கும் ஊர் அது. நோய் வந்த குதிரை ஒரு நாள் காய்ச்சலில் கிடந்தால் ஒரு வாரம் ஓய்வு தர வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. மூன்று நாள் காய்ச்சல் என்றால் மூன்று வாரம் வருமானம் இல்லை, ஆனால் தீவனச் செலவு நிற்காது. தினக்கூலியில் பிழைக்கிறவருக்கு இது எவ்வளவு பெரிய அடி என்பதைப் புரிந்துகொள்ள பேலன்ஸ் ஷீட் எல்லாம் தேவையில்லை.

கத்ரா வைரஸின் மரபணுவைப் பார்த்தபோது, அது 1987இல் வந்ததன் வாரிசு இல்லை, அந்த வருஷங்களில் சீனாவிலும் மங்கோலியாவிலும் சுற்றியதன் உறவு என்று தெரிந்தது. பழைய விதையில் செய்த தடுப்பூசியைப் புதுப்பிக்க வேண்டியதாயிற்று. வெறும் இருமலைப் பார்த்து இதைச் சொல்லிவிட முடியுமா? 2008லேயே மைசூரிலும் அந்த வைரஸ் கிடைத்தது. மைசூரிலிருந்து சாமராஜநகர் வழியாகத் திம்பம் மலைப்பாதையில் இறங்கினால் சத்தியமங்கலம், அதை அடுத்து அந்தியூர். அங்கே குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவில் கூடும் குதிரைச் சந்தைக்கு வெளிமாநிலங்களிலிருந்தும் குதிரைகள் வரும். நமக்கு எவ்வளவு பக்கத்தில் வந்திருக்கிறது பாருங்கள்.

காய்ச்சல், இருமல், மூக்கொழுகல் இவை ஃப்ளூவுக்கு மட்டும் சொந்தமில்லை. குதிரை ஹெர்பிஸ் வைரஸும் இப்படித்தான் ஆரம்பிக்கும். அதில் ஒரு வகை சினைக்குதிரையைக் கருக்கலைய வைக்கும், குணமான பிறகும் உடம்புக்குள் ஒளிந்திருக்கும். அதனால் பெயர் தெரியாமல் வைத்தியம் பார்க்க முடியாது. காய்ச்சல் வந்த முதல் ஓரிரு நாளிலேயே மூக்கின் ஆழத்திலிருந்து பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்து, ஐஸில் வைத்து அனுப்ப வேண்டும். தாமதித்தால் வைரஸ் குறைந்துவிடும். பிறகு இரண்டு முறை ரத்தம் எடுத்து, எதிர்ப்பொருள் நான்கு மடங்கு ஏறியதா என்று பார்க்கலாம். ஆனால் இரண்டாவது ரத்தம் எடுக்க இரண்டு மூன்று வாரம் காத்திருக்க வேண்டும், அதற்குள் லாயம் முழுக்க இருமும். முட்டைக்கும் பல நாள் பிடிக்கும். இன்றைக்கு பி.சி.ஆர். சில மணி நேரத்தில் விடை சொல்கிறது. இருந்தாலும் உயிருள்ள வைரஸைக் கையில் பிடித்து அதன் குணத்தை ஆராய முட்டையின் தேவை இன்னும் தீரவில்லை.

ஆய்வக முடிவு என்றால் என்ன என்பதை நம் ஊர் 2006இல் நன்றாகவே தெரிந்துகொண்டது. அந்தப் பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூர் கோழிகளுக்குப் பறவைக் காய்ச்சல்தான் என்று போபால் ஆய்வகம் உறுதி செய்தது. தமிழ்நாட்டில் ஒரு பண்ணையிலும் அந்த நோய் இல்லை, ஆனாலும் நாமக்கல்லில் முட்டை விலை சரிந்தது, ஏற்றுமதியும் முடங்கியது. குதிரை ஃப்ளூவும் பறவைக் காய்ச்சலும் ஒரே குடும்பம்தான். 1989இல் சீனாவின் ஜிலின் பகுதியில் குதிரைகளைத் தாக்கிய எச்3என்8, வழக்கமான குதிரை வைரஸே அல்ல, பறவைகளிடமிருந்து நேராக வந்தது. சில கூட்டங்களில் ஐந்தில் ஒரு குதிரை வரை செத்தது.

அந்தியூர் சந்தைக்கு இப்போதும் லாரியில் குதிரைகள் இறங்குகின்றன. அதில் ஒன்று இருமினால், அதன் மூக்கில் எடுக்கும் பஞ்சுக்குச்சி ஹிசார் போய்ச் சேர 2000 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்ய வேண்டும். அது வரைக்கும் அந்தக் குதிரையை மற்றவற்றோடு கட்டாமல் தனியாகக் கட்டி வைப்பது சொந்தக்காரர் கையில்தான் இருக்கிறது.