ஊர்ப்பாட்டுக்குத் திரும்பிய கலைஞர்

'பறை' என்பது ஒரு தோற்கருவியின் பெயர். சொல்லுதல் என்னும் பொருளும் அதற்கு உண்டு. நிலந்தோறும் அமைந்த கருப்பொருள்களுள் பறையையும் ஒன்றாக எண்ணுகிறது தொல்காப்பியம். அத்தகைய சிறப்புடைய கருவி பிற்காலத்தில் சாவு வீட்டுக்கு உரியதென ஒதுக்கப்பட்டது. மனிதரை இழிந்தோர் என்றவர்கள் அவர்தம் இசையையும் இழிந்ததென்றனர்.

ஆகவே, அம்மக்களிடையே பிறந்து கல்வி பெற்றோர்க்கு ஓர் இக்கட்டு நேர்ந்தது. பறையைத் துறந்தால் பழி நீங்கலாம்; ஆனால் முன்னோர் இசையும் உடன் மறையும். இனிப் பறையடியோம் என மறுத்தோரும் தன்மானத்தின் பொருட்டே மறுத்தனர். அவர்களைக் குறை கூறுதல் தகாது. வேறொரு வழியைத் தேர்ந்தவர் கே. ஏ. குணசேகரன்.

அவர் 1955-இல், இன்றைய சிவகங்கை மாவட்டத்து மாரந்தையில் பிறந்தவர். இளமையில் தாம் பட்ட சாதிக் கொடுமைகளை 'வடு' என்னும் தன்வரலாற்றில் எழுதியுள்ளார். உயர்கல்வி அவரைத் தம் ஊர்ப்பாட்டிலிருந்து பிரிக்கவில்லை. நாட்டுப்புறக் கலைகளை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். 'தன்னானே' கலைக்குழுவை அமைத்து ஊர் ஊராகப் பாடினார். கவிஞர் இன்குலாப் இயற்றிய 'மனுசங்கடா' என்னும் பாடல் அவர் குரலால் நாடெங்கும் பரவிற்று. பழைய மெட்டுகள் புதிய உரிமைக் குரலாயின.

பின்னர்ப் புதுவைப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாசு சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளியில் பேராசிரியரானார். நாடகத் தந்தையெனப் போற்றப்படும் சங்கரதாசு சுவாமிகள் 1922-இல் மறைந்ததும் இப்புதுச்சேரியிலேதான். அவர் பெயர் தாங்கிய பள்ளியில், ஊர்ப்புறத்துக் கலை ஆய்வுக்கும் பயிற்சிக்கும் உரிய பாடமாயிற்று.

பிறந்த மண்ணின் இசையைத் தேடிச் சென்றோர் பிற நாடுகளிலும் உளர். அயர்லாந்தில் 1848-இல் பிறந்து அமெரிக்கா சென்ற பிரான்சிசு ஓநீல், சிக்காகோ நகரக் காவல்துறைத் தலைவராய் விளங்கியவர். அவர் அங்குக் குடியேறிய தம் நாட்டாரிடம் கேட்டுத் திரட்டிய 1,850 மெட்டுகளை 1903-இல் நூலாக்கினார். அவரைத் தாய்நாட்டு இசையினின்று பிரித்தது கடல். நம் நாட்டிலோ, ஒரே ஊரில் வாழ்வோரையும் ஒருவர் இசையினின்று ஒருவரைப் பிரித்தது சாதி. கடலைக் கப்பலேறிக் கடக்கலாம். இதனைக் கடப்பதற்கு மனம் மாறவேண்டும்.

குணசேகரன் 2016 சனவரியில் புதுச்சேரியில் காலமானார். இன்று பறை கல்லூரி மேடைகளிலும் முழங்குகிறது. ஆயினும், கருவியை மட்டும் கொண்டாடிக் கலைஞரை மறத்தல் முறையாகாது. உங்கள் ஊரில் தாலாட்டும் ஒப்பாரியும் நடவுப்பாட்டும் அறிந்த முதியோர் இருப்பர். அவர்கள் பாடுவதைக் கேட்டு எழுதுங்கள்; எழுதும்போது, பாடியவர் பெயரையும் மதிப்போடு முதலில் எழுதுங்கள்.