பதிவேட்டுக்கு வெளியே நின்ற பிள்ளைகள்

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கன்னியாகுமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 விழுக்காடு. தமிழ்நாட்டு மாவட்டங்களில் அதுவே முதலிடம். இந்த எண்ணுக்கு உரிமை கொண்டாட மாவட்டத்தில் பலர் உண்டு. லண்டன் மிஷன் பள்ளிகள் போட்ட விதை என்பார் ஒருவர். திருவிதாங்கூர் ராணி கௌரி பார்வதி பாய் 1817இல் பிறப்பித்த கல்வி உத்தரவே தொடக்கம் என்பார் மற்றொருவர். சாமிதோப்பில் அய்யா வைகுண்டர் ஊட்டிய தன்மானம், காமராஜரின் மதிய உணவு, எம்.ஜி.ஆரின் சத்துணவு, 1906இல் கட்டி முடிந்த பேச்சிப்பாறை அணை, ரப்பர், வளைகுடாப் பணம் என்று பட்டியல் நீளும். இவை எல்லாவற்றிலும் உண்மை இருக்கிறது. எதில் எவ்வளவு என்று கேட்டால் பதில் சொல்ல நம்மிடம் கணக்கு இல்லை. பிள்ளைகளின் வறுமையைப் போக்க இருநூறு ஆண்டுகளாக இத்தனை கைகள் உழைத்த மண்ணில் இப்படி ஒரு வெற்றிடம் இருப்பதற்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு முயற்சியும் தன்னிடம் வந்து சேர்ந்த பிள்ளையை எண்ணியது. வராமல் நின்ற பிள்ளையை எண்ணவில்லை. குழந்தை வறுமை ஒழிப்புத் திட்டங்களை மதிப்பிட இன்று முனைகிறவர்கள் இந்த வரலாற்றைப் படித்துவிட்டுத் தொடங்கினால், அதே பிழையை மூன்றாவது நூற்றாண்டுக்கும் கொண்டுபோகாமல் இருக்கலாம்.

கதையின் பழைய ஊர் மயிலாடி. 1806இல் லண்டன் மிஷன் ஊழியர் ரிங்கல்தௌபே அங்கே வந்தார். சில ஆண்டுகளில் பள்ளி எழுந்தது. 1818இல் அதே மிஷனின் சார்லஸ் மீட் வந்தபின் பணியின் மையம் நாகர்கோவிலுக்கு மாறியது. அங்கே பெண்பிள்ளைகளுக்கான உறைவிடப் பள்ளியை நடத்திய மார்த்தா மால்ட், 1821 வாக்கில் லேஸ் பின்னலைக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். எதிரே உருண்டைத் தலையணை, அதன்மேல் குண்டூசிகள் குத்திய மாதிரித்தாள், நூல் சுற்றிய சின்னஞ்சிறு கட்டைகள். அவற்றை இணையிணையாக மாற்றி மாற்றிப் போட்டு, ஊசியைச் சுற்றி முறுக்கி, நூலை இறுக்க வேண்டும். விரற்கடை நீளம் வளர்வதற்குள் நெடுநேரம் போய்விடும். விற்ற காசு பள்ளிச் செலவுக்கு உதவியது. அடிமைக் குடும்பத்துப் பெண்பிள்ளைகள் சிலர் இந்தக் கூலியைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை விலைகொடுத்து வாங்கியதையும் மிஷன் எழுத்துகள் பதிவு செய்திருக்கின்றன. திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855இல்தான். அதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பே ஒரு சிறுமியின் கையில் எழுத்தையும் தொழிலையும் சேர்த்துக் கொடுத்தது மிகப் பெரிய காரியம். அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆயினும் மிஷன் அறிக்கைகள் காணிக்கை தருவோர் படிப்பதற்காக எழுதப்பட்டவை. பள்ளியில் எத்தனை பேர், எத்தனை பேர் வாசிக்கத் தேறினர் என்று அவை சொல்கின்றன. பிள்ளையை அனுப்ப எந்த எசமான் மறுத்தான், எந்த வீடு பனையேற்றுக் காலத்தில் பிள்ளையைத் திரும்ப அழைத்துக்கொண்டது, பாதியில் நின்றவள் பிறகு என்ன ஆனாள் என்பவற்றுக்கு அந்த அறிக்கைகளில் கட்டமே இல்லை.

கட்டம் இல்லாததன் விளைவு 1860ஐ ஒட்டிய ஆண்டுகளில் நன்றாகத் தெரிகிறது. 1859இல்தான், ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்களின் மேலாடை உரிமைக்கான தோள்சீலைப் போராட்டம் அரசு அறிவிப்போடு ஒரு கட்டத்தை எட்டியிருந்தது. அடுத்து 1860-61இல் தென் திருவிதாங்கூரைப் பஞ்சம் பிடித்தது. அந்தக் காலத்தில் மிஷனை அண்டி வந்தோர் தொகை கூடியது. கூடியது ஏன்? மானத்தோடு உடுக்கும் உரிமைக்காகத் தங்களோடு நின்றவர்கள் என்ற நன்றியாலா, கஞ்சிக்காகவா, படிப்பின் பயனைக் கண்ணால் கண்டதாலா? மூன்றுமே இருக்கலாம். வந்தவர்களின் எண்ணிக்கை மட்டும் கையில் இருந்தால் மூன்றையும் பிரிக்க வழியில்லை. மிக மோசமான ஆண்டில் பதிவேடு மிகச் சிறப்பாகத் தெரிவதும் இதனால்தான். அரசுத் தரப்பிலும் இதே குறை உண்டு. கல்விச் செலவை அரசு ஏற்க வேண்டும் என்று 1817 உத்தரவு சொன்னது உண்மை; காலத்தை எண்ணிப் பார்த்தால் வியப்புக்குரிய உத்தரவும்கூட. ஆனால் அரசுப் பள்ளிகளின் கதவு ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குப் பல பத்தாண்டுகள் மூடியே இருந்தது. பிற்படுத்தப்பட்ட வகுப்பினரின் தொடக்கக் கல்விச் செலவு முழுவதையும் அரசு ஏற்றது 1904இல். உத்தரவின் தேதியைத் திட்டத்தின் தேதியாகக் கொள்கிறவர்கள் இடையில் உள்ள 87 ஆண்டுகளைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

வறுமை என்ற சொல்லையே நேரடியாக எடுத்துக்கொண்ட முயற்சி மார்த்தாண்டத்தில் நடந்தது. கே.டி. பால் முன்னெடுத்த ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனரமைப்பு இயக்கத்தின் பகுதியாக, ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்க வேளாண் அறிஞர் 1920களில் அங்கே ஒரு மையத்தை உருவாக்கினார். மரப்பெட்டியில் தேனீ வளர்ப்பு, நல்லினக் கோழி, சுத்தமான பனைவெல்லம், நெசவு எனச் சிறு தொழில்களைச் சொல்லிக்கொடுத்து, கூட்டுறவாக விற்கவும் பழக்கினார்கள். மார்த்தாண்டம் தேனுக்கு இன்றுள்ள பெயர் அந்த வேரிலிருந்து முளைத்தது. 'அப் ஃப்ரம் பாவர்ட்டி இன் ரூரல் இந்தியா' என்ற ஹாட்ச்சின் நூல் 1932இல் வெளிவந்தது. வெளியிலிருந்து பணத்தைக் கொட்டாமல் மக்கள் தாமாகவே எழ வேண்டும் என்ற அவருடைய கொள்கை இன்றும் மதிக்கத்தக்கது. ஆனால் வீட்டுக்குள் வந்த காசு பிள்ளையின் வயிற்றுக்குப் போனதா என்பது தனிக் கேள்வி. முட்டைக்கு விலை கிடைத்தால் வீடு முட்டையை விற்கும். பிள்ளை அதைத் தின்னாது. தேன்பெட்டி வைக்க ஒரு துண்டு இடமாவது வேண்டும். அந்த இடமும் இல்லாதவன் பிள்ளைக்கு அந்த வழி எளிதில் திறக்காது. குடும்ப வருமானத்தையும் குழந்தையின் நிலையையும் ஒன்றாக எண்ணும் பழக்கம் இன்றைய மதிப்பீடுகளிலும் தொடர்வதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய 4 தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அதுவரை விளவங்கோடும் நெய்யாற்றின்கரையும் ஒரே ஆட்சியின் கீழ், ஒரே மிஷனின் பள்ளிகளோடு, ஒரே மாதிரி தென்னை, மரவள்ளித் தோட்டங்களோடு இருந்தவை. அதற்குப் பிறகு ஒரு பக்கம் காமராஜரின் மதிய உணவும் பின்னர் சத்துணவும். மறுபக்கம் கேரளத்தின் நிலச் சீர்திருத்தமும் மருத்துவமனைகளும். எந்தக் கொள்கை பிள்ளைகளுக்கு என்ன செய்தது என்று பார்க்க இதைவிட நல்ல எல்லைக்கோடு இந்தியாவில் அரிது. ஆனால் இந்த எல்லையும் எதையும் ஊடுருவ விடாத சுவராக இருக்கவில்லை. கேரளத்தில் குறைந்தபட்சக் கூலி உயர்ந்தபோது கொல்லம் முந்திரி முதலாளிகள் பலர் வேலையை விளவங்கோட்டுப் பக்கம் நகர்த்தினார்கள். இந்தப் பக்கத்துத் தாய்மாருக்கு வேலை கிடைத்தது, குறைந்த கூலியில். கொட்டையை உடைக்கும்போது வழியும் எண்ணெய் கைத்தோலைக் கருக்கிப் பொசுக்கியது. தாய் ஆலைக்குப் போனபின் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மூத்த மகள் பள்ளியிலிருந்து நின்றாள். ஆக, அந்தப் பக்கத்துச் சட்டம் இந்தப் பக்கத்துச் சிறுமியின் படிப்பைத் தொட்டது. கோட்டின் இரு பக்கத்தையும் ஒப்பிடுகிறவர் கோட்டைத் தாண்டிப் போனவற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. மதிய உணவுத் திட்டம் உருப்பெற்றதும் இந்த இணைப்பு நடந்ததும் ஒரே 1956இல். ஆட்சி, அலுவல்மொழி, பாடநூல், உணவு எல்லாம் ஏறக்குறைய ஒன்றாக மாறினால் எதன் விளைவு எது?

இந்தச் சிக்கல் முழு வடிவில் வெளிப்பட்டது 1980களில், தமிழ்நாடு முழுவதற்குமாக. உலக வங்கிக் கடனுடன் 1980இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் முதலில் சோதிக்கப்பட்டது. 6 மாதம் முதல் 36 மாதம் வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் எடைபோட்டார்கள். தராசில் தொங்கும் துணித்தொட்டிலில் குழந்தை காலை உதைத்துக்கொண்டு அழும். முள் நிற்கும்வரை பணியாளர் காத்திருந்து, அட்டையில் புள்ளி வைத்துப் போன மாதப் புள்ளியோடு கோடு இழுப்பார். கோடு ஏறாமல் படுத்துவிட்ட குழந்தைக்கு மட்டும் சத்துமாவு உருண்டை. எண்ணுவதும் ஊட்டுவதும் ஒரே கையால் நடந்த அருமையான ஏற்பாடு அது. திட்டம் சில ஒன்றியங்களில் இருந்தது, சிலவற்றில் இல்லை. ஆகவே ஒப்பிடவும் வழி இருந்தது. ஆனால் 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி, ஊரகத்தில் 2 வயது முதல் 9 வயது வரையுள்ள பிள்ளைகள் எல்லோருக்கும் சோறிட்டார். ஒப்பீட்டுக்கு வைத்திருந்த ஒன்றியங்களிலும் பிள்ளைகள் சாப்பிட்டார்கள். கடும் ஊட்டக்குறைவு குறைந்தது என்று மதிப்பீடுகள் சொன்னபோது, அதில் எடைத்தராசின் பங்கு எது, சத்துணவின் பங்கு எது என்று பிரிப்பது கடினமாகிவிட்டது.

இங்கே ஒரு கேள்வி எழும், நியாயமான கேள்வி. ஒப்பீடு கெட்டுவிடும் என்பதற்காகப் பசித்த பிள்ளைக்குச் சோற்றை நிறுத்தி வைப்பதா? 1982இல் அப்படி யாரேனும் சொல்லியிருந்தால் அவர் பேச்சைத் தள்ளியதே சரி. சோறு உரிமை. அதைச் சோதனைக்குப் பிணையாக வைக்கக் கூடாது. ஆனால் எந்த அரசும் ஒரே நாளில் எல்லா ஊருக்கும் சோறு கொண்டுபோய்விடுவதில்லை. பணம், கட்டடம், ஆள் என்று ஏதோ ஒன்று இடறி, சில ஊர் முந்தும், சில ஊர் பிந்தும். அந்த இடைவெளியை யாரும் உண்டாக்க வேண்டியதில்லை. அது தானாகவே உண்டாகிறது. மதிப்பீட்டாளர் செய்ய வேண்டியது, பிந்தும் ஊரில் சோறு வருவதற்கு முன்பே போய்ப் பிள்ளைகளை எண்ணி, எடைபோட்டு, உயரம் பார்த்துவிடுவது. பசியைக் கண்டுவிட்டுச் சும்மா வரலாமா என்றால், வரக் கூடாது. கடும் மெலிவுள்ள பிள்ளையை அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பும் ஏற்பாடு அந்தக் கணக்கெடுப்பின் அங்கமாகவே இருக்க வேண்டும்.

இப்படி ஒரு இடைவெளி அண்மையில் திறந்தது. அதைத் திறந்தது இந்த மாவட்டத்தின் பழைய வரலாறே. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் 1,545 பள்ளிகளுக்காகத் தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 25 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. ஊரகத்தில் உள்ள அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு 2024 ஜூலை 15 அன்றும், நகர்ப்புறத்தில் உள்ளவற்றுக்கு 2025 ஆகஸ்ட் 26 அன்றும் அது வந்தது. குமரி மாவட்டத்தில் மிஷன்களும் மறைமாவட்டங்களும் தொடங்கிய உதவி பெறும் பள்ளிகள் ஏராளம். அதனால் ஒரே தெருவில் இருந்து அரசுப் பள்ளிக்குப் போன பிள்ளை ஓராண்டோ ஈராண்டோ முந்தியும், சர்ச் பள்ளிக்குப் போன பிள்ளை பிந்தியும் காலையில் உப்புமாவோ பொங்கலோ சாப்பிடத் தொடங்கினார்கள். இரு வகைப் பள்ளிக்கும் வருகிற குடும்பங்கள் ஒரே தரமா என்று கேட்கலாம். இல்லைதான். ஆகவே இரண்டு பள்ளிகளின் நிலையை நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது. ஒவ்வொரு பள்ளியும் தன் தேதிக்கு முன்பிருந்து எவ்வளவு மாறியது என்பதை ஒப்பிட வேண்டும். வருகை கூடியது என்ற செய்தி மட்டும் போதாது. முன்பு காலை வெறும் வயிற்றோடு வந்த பிள்ளைக்கும், வீட்டில் இட்லி தின்றுவிட்டு வந்த பிள்ளைக்கும் வருகைப் பதிவேட்டில் ஒரே குறிதான்.

முன்னேறிய மாவட்டத்தில் இதெல்லாம் எதற்கு, தர்மபுரிக்கோ கள்ளக்குறிச்சிக்கோ போகலாமே என்பது இன்னொரு மறுப்பு. அங்கும் போக வேண்டும். ஆனால் குமரியில் சராசரி உயர்ந்திருப்பதாலேயே சராசரிக்கு அடியில் உள்ள பிள்ளை கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. பேச்சிப்பாறைக்கு மேலே காணிக் குடியிருப்புகளில் பள்ளிக்கு நடக்கும் பிள்ளையும், முந்திரி ஆலைத் தொழிலாளியின் பிள்ளையும் 91.75க்குள் கரைந்துபோகிறார்கள். கடற்கரை இன்னும் தனிக் கதை. தூத்தூர் முதல் நீரோடி வரையிலான ஊர்களில் பல மாதம் ஆழ்கடலில் இருக்கும் தகப்பனின் வருமானம் ஒரு பருவத்தில் கை நிறைய வரும், மறு பருவத்தில் கடனாக மாறும். ஒரு மாதத்துச் செலவைக் கேட்டு ஏழை, ஏழையல்ல என்று பிரிக்கும் கணக்கு அங்கே பொய் சொல்லும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வீசியபோது இந்தக் கரையில் தகப்பனை இழந்த பிள்ளைகள் பலர். நிவாரணத் தொகை வழங்கப்பட்டது. அந்தப் பிள்ளைகள் எந்த வகுப்புவரை போனார்கள், யார் படிப்பை விட்டுப் படகேறினார்கள் என்பதைப் பள்ளியில் இருப்போரை மட்டும் எண்ணிக் கண்டுபிடிக்க முடியாது. ஊர்ப் பங்குக் கோவிலின் குடும்ப அட்டையிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு வீட்டுப் பிள்ளையும் எங்கே என்று தேட வேண்டும். குமரியின் கோவில் பங்குகளும், சி.எஸ்.ஐ. சபைகளும், ஜமாஅத்துகளும், ஊர்வகை எனப்படும் ஊர்ச் சமுதாய அமைப்புகளும் தங்கள் மக்களைப் பற்றி வைத்திருக்கும் ஏடுகள் இதற்குப் பெரிய துணை. குடும்பங்களின் இசைவோடு, பெயர்களை மறைத்து, அவற்றை எடுத்தாளலாம்.

முதலில் செய்ய வேண்டிய வேலைக்குப் பெரிய பணமும் வேண்டாம். உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளில் 2021 முதலான வருகைப் பதிவேடுகளும், சேர்க்கை நீக்கப் பதிவேடுகளும், பிள்ளைகளின் எடை உயரம் குறித்த உடல்நலப் பதிவுகளும் தலைமையாசிரியர் அறைப் பீரோக்களில் இன்னும் கிடக்கும். பழைய ஏடுகளை ஒதுக்கித் தள்ளும் வழக்கம் எல்லாப் பள்ளியிலும் உண்டு. காலை உணவு வருவதற்கு முந்தைய ஆண்டுகளின் நிலையைச் சொல்ல அந்த ஏடுகளை விட்டால் வேறு சாட்சி இல்லை. மாவட்டத் தொடக்கக் கல்வி அலுவலகம் இந்தக் கல்வியாண்டுக்குள் அவற்றைப் படியெடுத்துவிட வேண்டும். அதோடு, ஒவ்வொரு பள்ளியின் பகுதியிலும் எந்தப் பள்ளிக்கும் போகாத பிள்ளைகளின் பட்டியலை அங்கன்வாடிப் பணியாளர்களைக் கொண்டு எழுதிச் சேர்க்க வேண்டும்.