'லினக்ஸ் பே நஹீ சலேகா'

போன மாதம் ஃபைபர் இணைப்பு கொடுக்க ஒரு பையன் வீட்டுக்கு வந்தான். நாக்பூர் வந்து ஒரு வருஷம் ஆகிறது. (வங்கிக்காரனுக்கு மூன்று வருஷத்துக்கு ஒரு ஊர் என்பது தலையெழுத்து.) சுவரில் பெட்டியை மாட்டினான், வைஃபை பாஸ்வேர்டைச் சொன்னான், பத்து நிமிஷத்தில் கிளம்பிவிட்டான். என் மடிக்கணினியில் ஓடுவது வின்டோஸா லினக்ஸா என்று கேட்கவே இல்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். 2006-ல் மும்பையில் இந்த ஒரு கேள்விக்காக நான் பட்ட பாடு எனக்கல்லவா தெரியும்!

அந்தக் கதைக்கு முன் கொஞ்சம் சரித்திரம்.

நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15. கொடுத்தது விஎஸ்என்எல். தனியாருக்குக் கதவு திறந்தது 1998 நவம்பரில். ஆனால் வீட்டு வாசல் வரை கம்பி இழுக்கத் தெரிந்தவர்கள் யார்? ஒன்று தொலைபேசித் துறை. இன்னொன்று கேபிள் டிவிக்காரர்கள். 1991 வளைகுடாப் போர் சமயத்தில் டிஷ் வைத்துத் தொழிலில் இறங்கிய இவர்களுக்கு மொட்டை மாடி, மாமரம், தெருவிளக்குக் கம்பம் எல்லாம் அத்துப்படி. இவர்கள் தொழிலுக்கென்று ஒரு சட்டம் வந்ததே 1995-ல்தான்.

அமெரிக்காவில் டிவி வரும் அதே கோஆக்சியல் கம்பியில் இணையத்தையும் அனுப்ப 1997-ல் டாக்சிஸ் என்று ஒரு தரம் வகுத்தார்கள். நம் ஊரில் அது பெரும்பாலும் எடுபடவில்லை. காரணம் எளிது. நம் கேபிள் கம்பி ஒருவழிப் பாதை. படம் வீட்டுக்கு வரும், வீட்டிலிருந்து எதுவும் திரும்பப் போகாது. அதை இருவழியாக்க ஆம்ப்ளிஃபையர்களை எல்லாம் மாற்றவேண்டும், ஏகப்பட்ட முதல் போடவேண்டும். நம்மவர்கள் குறுக்கு வழி பிடித்தார்கள். ஆபீசில் கணினிகளை இணைக்கும் கேட்-5 கம்பியை மொட்டை மாடி மொட்டை மாடியாக இழுத்துவிட்டார்கள். அந்தக் கம்பி 100 மீட்டருக்கு மேல் தாங்காது என்பதால் மாடிப்படி ஓரத்தில் ஒரு தகரப் பெட்டி, உள்ளே ஒரு ஸ்விட்ச், யார் வீட்டிலிருந்தோ கரண்ட். மழைக்காலத்தில் பெட்டிக்குள் தண்ணீர் போனால் தெருவே அவுட். பெயர்தான் கேபிள் நெட். உண்மையில் தெரு முழுவதும் ஒரே ஆபீஸ் நெட்வொர்க்!

நிற்க. 2006-க்கு வருகிறேன். செம்பூரில் ஒற்றை அறை வாடகை வீடு. மனைவி பிரசவத்துக்குத் திருநெல்வேலி போயிருந்தாள். கணினி வாங்கியபோது கடைக்காரர் வின்டோஸை "சும்மா போட்டுத் தரேன்" என்றார். பகலெல்லாம் அடுத்தவர் பத்திரம் அசலா போலியா என்று பார்த்துவிட்டு ராத்திரி திருட்டு வின்டோஸில் உட்கார மனசு வரவில்லை. அசல் வாங்கவோ காசில்லை. உபுண்டுக்காரர்கள் அப்போது கேட்பவர்களுக்கெல்லாம் குறுந்தகடை இலவசமாகத் தபாலில் அனுப்பினார்கள் (2011-ல் நிறுத்திவிட்டார்கள்). எனக்கு வந்தது 6.06. பி.காம் படித்தவன், தட்டுத்தடுமாறித்தான் போட்டேன்.

பெண் பிறந்தாள். மச்சினன் ப்ரவுசிங் சென்டரிலிருந்து ஃபோட்டோவை மெயிலில் அனுப்பிவிட்டான். அன்று பார்த்து கேபிள்காரரின் பையன் இணைப்பு கொடுக்க வந்தான். திரையைப் பார்த்தான். "லினக்ஸ் பே நஹீ சலேகா, சாப்." கையிலிருந்த சிடியில் வின்டோஸுக்கான டயலர் மட்டும்தான் இருந்தது. அட்டையின் மேக் முகவரியை மட்டும் ரசீதுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டு, வின்டோஸ் போட்டதும் கூப்பிடச் சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

நீயும் ப்ரவுசிங் சென்டரில் போய்ப் பார்த்திருக்கலாமே என்பீர்கள். பக்கத்தில் பத்துப் பேர் உட்கார்ந்திருக்க, முதல் தடவை பெண்ணின் முகத்தை அங்கேயா பார்ப்பது? வீம்புதான்.

மேல்வீட்டு மராட்டி அண்ணனிடம் அதே இணைப்பு, வின்டோஸில். அவர் கணினியில் அந்த டயலரின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்தால் "வேன் மினிபோர்ட், பிபிபிஓஇ" என்று இருந்தது. அவ்வளவுதானா! பிபிபிஓஇ 1999 பிப்ரவரியில் வெளியான பொது விதிமுறை. டயல்-அப் காலத்தில் யார், எவ்வளவு நேரம் என்று கணக்கு வைக்க யூசர் நேம், பாஸ்வேர்டு ஏற்பாடு இருந்தது. எப்போதும் உயிரோடிருக்கும் ஈதர்நெட் கம்பியில் அது கிடையாது. பழைய பில்லிங்கைப் புதுக் கம்பியில் ஏற்றுவதற்காகக் கண்டுபிடித்ததுதான் பிபிபிஓஇ. அதாவது இது கணக்குப்பிள்ளை வேலை, நம்ம டிபார்ட்மென்ட்! லினக்ஸ் கெர்னலில் 2001-ல் வந்த 2.4-லேயே இதற்கு இடம் உண்டு. கேபிள்காரர் "நஹீ" என்றது அவர் சிடிக்குத்தான் பொருந்தும், கம்பிக்கு இல்லை.

டெர்மினலில் பிபிபிஓஇ-கான்ஃப் என்ற கட்டளையைக் கொடுத்தால் அதுவே கம்பியைத் தட்டிப் பார்த்து, எதிர்முனையில் ஆள் இருக்கிறது என்று சொல்லி, பெயரும் பாஸ்வேர்டும் கேட்கிறது. கொடுத்தேன். உள்ளே விடவில்லை. மறுநாள் கேபிள் ஆபீசுக்குப் போய் ரசீதில் எழுதியிருந்த மேக் முகவரியை என்னுடையதோடு ஒவ்வொரு எழுத்தாக டிக் அடித்துப் பார்த்தேன். 8 இருக்கவேண்டிய இடத்தில் 'பி' போட்டிருந்தான். வவுச்சர் தப்பானால் லெட்ஜரும் தப்பு. திருத்திக் கொடுத்ததும் அன்றிரவு கனெக்ஷன் வந்துவிட்டது.

முன்தினம் பிபிபிஓஇ-கான்ஃப் நடுவில் ஒரு கேள்வி கேட்டது. எம்எஸ்எஸ் அளவை 1452-ஆகக் குறைக்கட்டுமா என்று. "ஆமாம்" என்றேன், ஏன் என்று தெரியாமலே. பிறகுதான் புரிந்தது. ஈதர்நெட்டில் ஒரு பொட்டலம் 1500 பைட். பிபிபிஓஇ தன் பங்குக்கு 8 பைட் பிடித்துக்கொள்ளும், மிச்சம் 1492. முகவரி எழுதும் செலவு 40 போக 1452. சம்பளத்தில் பிடித்தம் மாதிரிதான். இந்தப் பிடித்தத்தைச் சொல்லாவிட்டால் சில தளங்கள் பாதி திறந்து அப்படியே நின்றுவிடும். பலர் லினக்ஸைத் திட்டியது இதனால்தான்.

என் வேகம் 64 கேபிபிஎஸ். 2004-ல் அரசு போட்ட கொள்கைப்படி பிராட்பேண்ட் என்றால் குறைந்தது 256. ஆக, என்னுடையது கணக்கிலேயே சேராது. 600 கேபி ஃபோட்டோ ஒன்றேகால் நிமிஷம் வந்தது. முதலில் டர்க்கி டவல். அப்புறம் முடி. அப்புறம் நெற்றி, மூடிய கண். பாதியில் அறுந்துவிடுமோ என்று நாற்காலியை விட்டு எழுந்தே நின்றுவிட்டேன். அவள் இப்போது கல்லூரி இரண்டாம் வருஷம். அந்த ஃபைல் இன்னும் இருக்கிறது.

அதே வாரம் இன்னொன்றும் கண்ணில் பட்டது. நெட்வொர்க் என்ற ஐகானைத் தட்டினேன், தெருவில் உள்ள கணினிகள் வரிசையாக நின்றன. வின்டோஸில் ஃபோல்டரை ஷேர் செய்துவிட்டு மறந்தவர்கள். ஒருவர் வருமான வரிக் கணக்கையே திறந்து போட்டிருந்தார். நான் அதைப் பிரிக்கவில்லை, ஆனால் பெயரைப் பார்த்ததுமே பகீர் என்றது. தெருவுக்கே ஒரே ஆபீஸ் நெட்வொர்க் என்றேனே, அதன் விலை இது. உபுண்டுவில் வெளியார் நுழையும் கதவு எதுவும் முதலிலேயே திறந்திராது. சில வைரஸ்கள் கம்பி வழியே தானாகப் பரவிய காலம் அது (2003-ல் பிளாஸ்டர் ஞாபகமிருக்கிறதா?). மறுநாளே அந்த மனிதரைத் தேடிப் பிடித்துச் சொன்னேன். முதலில் முறைத்தார், அப்புறம் டீ வாங்கிக் கொடுத்தார்.

பிற்பாடு வீட்டுக்கு வீடு ரூட்டர் வந்தது. பிபிபிஓஇ, மேக் முகவரி எல்லாம் அதன் தலையில். உள்ளே எந்தக் கணினி இருக்கிறது என்று கேபிள்காரருக்குத் தெரியவேண்டிய அவசியமே போய்விட்டது. அரசின் பிராட்பேண்ட் அளவும் 2013-ல் 512 கேபிபிஎஸ், 2023-ல் 2 எம்பிபிஎஸ் என்று ஏறிவிட்டது. நாக்பூர் பையன் ஏன் கேட்கவில்லை என்று இப்போது புரிகிறதா?

செம்பூர் பையன் அடுத்த மாதம் வசூலுக்கு வந்தபோது லினக்ஸில் இணையம் ஓடுவதைப் பார்த்து ரொம்ப நேரம் நின்றான். அந்த டயலருக்குள் என்ன இருக்கிறது என்று காட்டினேன். உபுண்டு சிடி ஒன்று உபரியாக இருந்தது, அதையும் கொடுத்தேன். அவன் ரசீது கிழித்துக் கொடுத்தான். இணையத்துக்கான பணம்தான், ஆனால் ரசீதில் அச்சடித்திருந்தது 'கேபிள் டிவி சந்தா'.