சேதுக்கரையும் மாத்தளை மலைத் தமிழரும்

இராமேசுவரத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் சேதுபதிகளின் திருப்பணிகளோடு தொடங்கி அவற்றோடேயே முடித்துவிடுதல் பெருவழக்கு. எல்கடுவ முதலாய மாத்தளை மலைத் தோட்டங்களில் வாழும் தமிழரின் பக்கம் நின்று நோக்குங்கால் அத்தலத்தின் வரலாறு வேறொரு வடிவம் பெறுகின்றது. இம்மக்களின் முன்னோர் பலருக்கு அது கண்டு வணங்கும் தலமாக இருந்ததைக் காட்டிலும் கடந்து செல்லும் கரையாகவே இருந்தது.

தலத்தின் பெருமை யாவரும் அறிந்ததே. சம்பந்தரும் அப்பரும் பாடிய பதி. பன்னிரு சோதிலிங்கத் தலங்களுள் ஒன்று. வடநாட்டார் காசியாத்திரையின் நிறைவை இங்கு காண்பர். அக்கினி தீர்த்தமெனப்படும் கடலில் மூழ்கியபின், கோயிலுள் அமைந்த 22 தீர்த்தங்களிலும் நீராடி, ஈரத்துணியோடு பிராகாரத்தில் நடந்து செல்லும் அடியார் கூட்டத்தை இன்றும் காணலாம். மூன்றாம் பிராகாரம் கிழக்கு மேற்காக ஏறத்தாழ 690 அடி நீளமுடையது. 18ஆம் நூற்றாண்டிலே முத்துராமலிங்க சேதுபதி காலத்தில் நிறைவெய்திய இதன் தூண்வரிசையில் நிற்கும்போது, கண் செல்லும் தொலைவுக்கும் கல் முடிவதில்லை. நல்ல கட்டடக் கல் கிடையாத ஒரு மணல் தீவில் இத்தனை கல்லை ஏற்றிக் கொணர்ந்து அடுக்கிய உழைப்பாளர் யாவர் என்னும் வினாவைத் தலபுராணங்கள் எழுப்புவதில்லை.

ஈழத்தோடு இத்தலத்துக்குள்ள தொடர்பு மிகப் பழையது. 12ஆம் நூற்றாண்டிலே முதலாம் பராக்கிரமபாகுவின் படைத்தலைவன் இலங்காபுரன் இராமேசுவரத்தைக் கைப்பற்றினான் எனச் சூளவம்சம் பெருமையுடன் கூறும். அப்படையினரால் கோயிலின் வழிபாடு தடைப்பட்டதெனவும் செல்வங்கள் கவரப்பட்டனவெனவும் ஆர்ப்பாக்கத்துச் சோழர் கல்வெட்டு முறையிடும். ஒரே படையெடுப்பு ஒரு கரையில் வெற்றியாகவும் மறுகரையில் பழியாகவும் எழுதப்பட்டமை காண்க. பின்வந்த நிசங்கமல்லனோ அங்கு நிசங்கேசுவரம் என்னும் கோயிலை எடுத்ததாகத் தன் கல்வெட்டுகளிற் கூறிக்கொள்கிறான். யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகள் ‘சேது’ என்னும் சொல்லைத் தம் காசுகளிற் பொறித்ததும், சேதுகாவலர் என்னும் பெயர் பூண்டதும் அறிஞர் பலராலும் எடுத்துக்காட்டப்பட்டவை.

மன்னர்தம் போக்குவரவு இவ்வாறு கல்லிலும் காசிலும் பதிந்துள்ளது. ஆயின், 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்காகக் கங்காணிமார் திரட்டி வந்த பல்லாயிரவரின் போக்குவரவு எங்கும் பொறிக்கப்படவில்லை. தொண்டி, பாம்பன் முதலிய துறைகளில் வள்ளமேறி மன்னார்க் கரையில் இறங்கிய அவர்கள், காட்டினூடே தெற்கு நோக்கி நடந்து, தம்புள்ளை, நாலந்தை வழியாக மாத்தளையை அடைந்தனர். நிசங்கமல்லனின் கல்வெட்டொன்று அதே தம்புள்ளைப் பாறையில் உள்ளது. அதன் கீழாக நடந்த கூட்டத்தினர் அதனைப் படித்திருக்க வழியில்லை. பேதியும் வாந்திபேதியும் காய்ச்சலும் அவ்வழியெங்கும் பலரைப் பலிகொண்டன. எஞ்சியோர் மாத்தளையிலிருந்து பிரிந்து மலையேறினர். மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் இவ்வழிநடைக் கூட்டத்தார் தங்கிய இடத்தில் எழுந்ததென்பது செவிவழி மரபு. கடல் கடந்து வந்தோர் முதலில் நிலைநிறுத்தியது இராமநாதரை அன்று, நோய் தீர்க்கும் மாரியை என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

இதற்குப் பக்தி வேறுபாடு மட்டும் காரணமன்று. தோட்டங்களுக்கு வந்தோரிற் பெரும்பகுதியினர் ஒடுக்கப்பட்ட சாதியினர். சென்னை மாகாணத்தில் 1939இலும் 1947இலும் இயற்றப்பட்ட ஆலயப் பிரவேசச் சட்டங்களுக்கு முன்னர், பெருங்கோயில்களின் வாயில் அன்னோர்க்கு அடைக்கப்பட்டிருந்தது. ஆகவே, கோபுரத்தைத் தொலைவிற் கண்டு கைகூப்பிவிட்டுக் கடல் கடந்தோர் மிகப் பலர் எனக் கருதுவது பிழையாகாது. இதனைக் கூறாது ‘அனைவரையும் ஈர்த்த திருத்தலம்’ என எழுதிச் செல்வது வரலாறு ஆகுமா?

1914இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி - தலைமன்னார்க் கப்பற் சேவையும் தொடங்கவே, பயணம் எளிதாயிற்று. தோட்டத்துக்குச் செல்லும் ஏழையும் தீர்த்தமாட வரும் செல்வரும் ஒரே இருப்புப்பாதையிற் சென்றனர். மண்டபம் முகாமில் தடுத்து வைக்கப்பட்டு மருத்துவச் சோதனைக்கு ஆளானவர் மட்டும் தொழிலாளரே.

1964ஆம் ஆண்டு இக்கரையின் வரலாற்றில் இருமுறை இடியாக இறங்கியது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்து நின்ற மலையகத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென, ஒக்டோபர் 30ஆந் திகதி சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் முடிவு செய்தது. அம்மக்களை எவரும் கேட்கவில்லை. இரு மாதங்கள் நிறைவதற்குள், டிசம்பர் 22ஆம் நாளிரவு வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. பயணிகளோடு வந்த புகைவண்டியொன்றும் கடல்வாய்ப்பட்டது. அண்மையிலிருந்த கோதண்டராமர் கோயில் தப்பியது.

அதன்பின் கப்பல் தலைமன்னாருக்கும் இராமேசுவரத்துக்குமிடையே ஓடியது. நான்கு, ஐந்து தலைமுறைகளுக்கு முன் பாட்டன் வள்ளமேறிய அதே கடலைத் தகரப்பெட்டியும் பாத்திர மூட்டையுமாகப் பேரர்கள் மறுதிசையிற் கடந்தனர். இறங்கிய இடத்தில் கோயில் வாயில் இப்போது சட்டப்படி அவர்களுக்குத் திறந்திருந்தது. உள்ளே சென்று தொழுதபின், நீலகிரிக்கோ வேறெந்த மாவட்டத்துக்கோ எழுதப்பட்ட தாளைக் கையிற்கொண்டு மண்டபம் முகாமை நோக்கிப் புறப்பட்டார்கள். 1980களின் முற்பகுதியில் போர்ச்சூழல் மூள, அக்கப்பலும் நின்றுபோயிற்று.